இடித்துரைப்பாரும் இடியாத கட்டடமும்

கட்டடம் ஒன்று இடிந்து வீழ்ந்தால் ஊரார் கேட்கும் முதற் கேள்வி, "சீமெந்தைக் குறைத்து மணலைக் கூட்டிவிட்டார்களோ?" என்பது. அடுத்த கேள்வி, "கொந்தராத்துக்காரர் யார்?" என்பது. மூன்றாவது, "எவ்வளவு கைமாறியது?" என்பது. மூன்றும் கேட்கவேண்டிய கேள்விகளே. ஆயினும் நாலாவது கேள்வியொன்று உண்டு. அதனைக் கேட்பார் மிகச் சிலர். இடிவதற்கு முன்னர் அக்குறையைக் கண்டவர் எவரேனும் இருந்தாரா? இருந்தாராயின் யாரிடம் சொன்னார்? சொன்னபோது என்ன நடந்தது?

கட்டட நிறுவனமொன்றின் தரத்தை அளப்பதற்கு இந்த நாலாவது கேள்வியைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை என்பது என் கருத்து. திருவள்ளுவர், பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்திலே, அரசன் கெடுவதற்குப் பகைவர் வேண்டியதில்லை, தவறு கண்டவிடத்து இடித்துரைப்பார் இல்லாமையே போதும் என்று கருதினார். முடியரசுக்கு அவர் கண்ட நீதி, பாரந்தூக்கியும் உருக்குக் கம்பியுங் கொண்டு தொழில் செய்யும் இக்காலக் கொம்பனிக்கும் பொருந்தும். இடித்துரைப்பார் இல்லாத இடத்திலே அந்த வேலையைக் கட்டடமே செய்துவிடுகிறது.

நிறுவனத்துக்கும் பண்பாடு உண்டு

பண்பாடு என்னுஞ் சொல்லை நாம் இலக்கியம், இசை, கூத்து, சமயம் என்பவற்றோடு சேர்த்தே வழங்கிப் பழகிவிட்டோம். கொம்பனிக்கும் பண்பாடு உண்டென்றால் நகைப்பாரும் உளர். ஆனால், பலர் கூடி நெடுங்காலம் ஒரு தொழிலைச் செய்யுமிடத்து, எது பாராட்டுக்குரியது, எது பழிக்குரியது, யார் முன் எதைப் பேசலாம், எதைப் பேசலாகாது என்னும் எழுதாத வழக்கங்கள் தாமே முளைத்துவிடுகின்றன. அவ்வழக்கங்களின் தொகுதியையே நிறுவனப் பண்பாடு என்கிறோம்.

அமெரிக்க உளவியலறிஞர் எட்கார் ஷைன் 1985இல் வெளியிட்ட நூலொன்றில் இப்பண்பாட்டினை மூன்று படைகளாகப் பிரித்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரிவது மேற்படை. வாயாற் சொல்லிக்கொள்வது நடுப்படை. சொல்லாமலே எல்லாரும் உண்மையென்று கொண்டிருப்பது அடிப்படை. கட்டட நிறுவனத்திலே மேற்படையாவன தலைக்கவசம், அறிவித்தற் பலகை, ஒப்பமிட்ட கோவைகள் முதலியன. நடுப்படை, 'தரமே எமது உயிர்' என்று சுவரில் எழுதிய வாசகம். அடிப்படையோ எங்கும் எழுதப்படுவதில்லை. 'பெரியவர் கணக்கிற் பிழை வராது', 'மாத முடிவுக்குள் தளம் போட்டேயாக வேண்டும்', 'கேள்வி கேட்பவன் குழப்பக்காரன்' என்பன போன்ற நம்பிக்கைகள் அங்கே உறைகின்றன. மேற்படையும் நடுப்படையும் ஒன்று சொல்ல அடிப்படை வேறொன்று சொல்லுமாயின், வேலைத்தலத்தில் வெல்வது அடிப்படையே.

பிற தொழில்களைக் காட்டிலும் கட்டடத் தொழிலில் இது கூடிய வலிமை பெறுவதற்குக் காரணம் உண்டு. ஆலையில் நெய்த துணியை விற்குமுன் விரித்துப் பார்க்கலாம். குறை கண்டால் ஒதுக்கலாம். கட்டடத்திலோ இன்று செய்த வேலையை நாளைய வேலை மூடிவிடுகிறது. அத்திவாரத்தை மண் மூடும். கம்பியைக் கொங்கிறீற்று மூடும். கொங்கிறீற்றைச் சாந்து மூடும். சாந்தை வர்ணம் மூடும். குறை கண்ணுக்குத் தெரியும் காலம் சில மணித்தியாலங்களே. அந்நேரத்தில் அருகே நிற்பவர் நெறியாளரோ பிரதம பொறியியலாளரோ அல்லர். கம்பி கட்டுபவர், மேசன், இளம் மேற்பார்வையாளர் ஆகியோரே. அவர்களும் பெரும்பாலும் பல துணைக் கொந்தராத்துக்களிலே வந்து கூடி, வேலை முடிந்ததும் பிரிந்து போகிறவர்கள். எனவே, கட்டடத்தின் தரம் முழுவதும் ஒரு வகையிலே அந்தக் கடைசி மனிதர் வாய் திறப்பாரா, திறந்தால் அது மேலே எட்டுமா என்பதில் தங்கியிருக்கிறது.

1987இல் முதன்முதலாக வெளிவந்த ஐ.எஸ்.ஓ. 9001 என்னும் அனைத்துலக நியமம் தர முகாமைக்கு ஓர் ஒழுங்கை வகுத்தது. செய்முறையை எழுதி வை, எழுதியபடி செய், செய்ததைப் பதிந்து வை, குறை கண்டால் காரணம் தேடித் திருத்து என்பவை அவ்வொழுங்கின் சாரம். இதனை நான் இகழவில்லை. பதிவு நிறுவனத்தின் ஞாபகசக்தி. ஆனால், 'பரிசோதிக்கப்பட்டது' என்னும் கட்டத்தில் இடும் அடையாளம், பரிசோதித்தவரின் அடையாளமாகவும் இருக்கலாம். பரிசோதிக்கப் பயந்தவரின் அடையாளமாகவும் இருக்கலாம். தாள் இரண்டையும் ஒன்றாகவே காட்டும். இவ்வேறுபாட்டை உண்டாக்குவது பண்பாடு. மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

ஒரு தந்தியின் தாமதம்

கனடாவிலே குவிபெக் நகருக்கு அணித்தாகச் சென் லோறன்ஸ் ஆற்றின் குறுக்கே ஒரு புகையிரதப் பாலங் கட்டும் வேலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நடைபெற்றது. இரு கரையிலுமுள்ள பெருந்தூண்களிலிருந்து உருக்குக் கைகள் நீண்டுவந்து நடுவாற்றின்மேற் சந்திக்கும் அமைப்பு அது. தூண்களிடைத் தூரம் முதலில் 1600 அடியாகக் கொள்ளப்பட்டுப் பின்னர் 1800 அடியாக்கப்பட்டது. முடிந்திருக்குமாயின், ஸ்கொட்லாந்திலுள்ள போர்த் பாலத்தின் 1710 அடியையும் விஞ்சி, அவ்வகைப் பாலங்களுள் உலகில் நீளமானது என்னும் பெருமையை அது பெற்றிருக்கும்.

அந்த வேலைக்கு ஆலோசகராயிருந்தவர் நியூயோர்க்கைச் சேர்ந்த தியடோர் கூப்பர். அமெரிக்கப் பாலப் பொறியியலாளர்களுள் அக்காலத்தில் அவருக்கிருந்த மதிப்புப் பெரிது. குவிபெக் பாலம் தம் வாழ்நாளின் முடிமணியாக அமையவேண்டுமென அவர் கருதினார். ஆனால் முதுமையும் நோயுங் காரணமாக 1903ஆம் ஆண்டுக்குப் பின்னர் அவர் வேலைத்தலத்துக்கு ஒருமுறையேனும் வரவில்லை. அவ்வாண்டிலே கனடா அரசாங்கத்தின் புகையிரதப் பகுதியினர், அவருடைய கணிப்புக்களை வேறொரு பொறியியலாளரைக் கொண்டு சரிபார்க்க விரும்பினர். அது தம்மைப் பிறருக்குக் கீழ்ப்பட்டவராக்கும் என்று அவர் மறுத்தார். அரசாங்கமும் இணங்கிவிட்டது. தரம் அன்றே ஒரு துணையை இழந்தது என்பேன். சரிபார்த்தல் அவமதிப்பாகத் தோன்றும் இடத்திலே தர முகாமைக்கு வேலையில்லை.

தூண்களிடைத் தூரத்தைக் கூட்டியபோது பாலத்தின் சொந்த எடையையும் புதிதாகக் கணித்திருக்க வேண்டும். அஃது உரிய காலத்திற் செய்யப்படவில்லை. உருக்குப் பாகங்கள் தொழிற்சாலையில் உருவாகி நிறுக்கப்பட்டபோது எடை கணக்கை மிஞ்சுவது தெரிந்தது. அதற்குள் வேலையிற் பெரும்பகுதி முடிந்துவிட்டதால், மிகுதி பொறுக்கத்தக்கதே என்று தீர்மானமாயிற்று.

1907 ஓகத்து மாதத்திலே பாலத்தின் கீழ்ப்பகுதியில் அமுக்கத்தைத் தாங்கும் உருக்கு உறுப்புக்கள் சில வளையத் தொடங்கின. இதனை அளந்து அறிவித்தவர் நோர்மன் மக்லூர் என்னும் இளம் பொறியியலாளர். கூப்பரின் கண்களாக அங்கே நின்றவர் அவர். அந்த மாதம் 27ஆந் தேதி அளந்தபோது, ஏறத்தாழ ஒரு வாரத்துக்கு முன் முக்கால் அங்குலமாயிருந்த ஒரு வளைவு இரண்டேகால் அங்குலமாகப் பெருகியிருந்தது. உருக்குப் பாகங்களைச் செய்து பூட்டிய பீனிக்ஸ் பாலக் கொம்பனியினர், அவ்வளைவு தொழிற்சாலையிலேயே ஏற்பட்ட பழைய வளைவு என்றனர். வேலைத்தலத்தின் மேலாள் முதலில் வேலையை நிறுத்த எண்ணி, பின்னர் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். நிறுத்தினால் தொழிலாளர் மனந்தளர்வர், ஆட்கள் கலைந்துபோவர், அப்பருவத்தின் வேலையே கெட்டுவிடும் என்ற அச்சம் அங்கே நிலவிற்று. பாலத்துக்குரிய கொம்பனியின் பிரதம பொறியியலாளர் எட்வேட் ஹோர் என்பவரும், இத்துணைப் பெரிய பாலவேலையில் முன் அனுபவமில்லாமையால், தாமாக முடிவு செய்யத் துணிந்திலர். நியூயோர்க் சென்று கூப்பரைக் கேட்டு வருமாறு மக்லூர் அனுப்பப்பட்டார்.

மக்லூர் இரவெல்லாம் புகையிரதத்திற் பயணஞ் செய்து 29ஆந் தேதி முற்பகலிற் கூப்பரைக் கண்டார். கூப்பர் நிலைமையை உணர்ந்து, நடுப்பகல் கடந்த சில நிமிடங்களிலே, பாலத்தின்மேல் மேலும் பாரம் ஏற்றவேண்டாமெனத் தந்தி கொடுத்தார். அந்தத் தந்தி குவிபெக்குக்குப் போகவில்லை. பென்சில்வேனியாவிலுள்ள பீனிக்ஸ் கொம்பனியின் தலைமையகத்துக்குப் போயிற்று. அங்கே அதைப் பெற்றவர்கள் மறுநாள் கூடி ஆலோசிக்கலாமென விட்டனர். அன்று மாலை ஐந்தரை மணியை அடுத்து, வேலை முடிந்து ஆட்கள் இறங்கும் வேளையில், ஏறத்தாழ 19,000 தொன் உருக்கு ஆற்றில் வீழ்ந்தது. பாலத்தில் நின்ற 86 பேரில் 75 பேர் மாண்டனர். அவர்களுள் 33 பேர் கானவாகே என்னும் ஒரே ஊரைச் சேர்ந்த மொஹோக் பழங்குடித் தொழிலாளர். வேலையை நிறுத்த எண்ணி மனம் மாறிய மேலாளும் அன்று உயிர் துறந்தார்.

1908இல் அறிக்கை வெளியிட்ட அரச ஆணைக்குழு, கூப்பரும் பீனிக்ஸ் கொம்பனியின் வடிவமைப்பாளர் பீற்றர் ஸ்லாப்காவும் செய்த தீர்மானப் பிழைகளே வீழ்ச்சிக்கு அடிப்படை என்று கூறிற்று. அனுபவம் மிக்க பிரதம பொறியியலாளரை நியமிக்காத பாலக் கொம்பனியையும் அது குறை கூறிற்று. கணக்குப் பிழை கூப்பருடையது என்பதில் ஐயமில்லை. ஆனால் கணக்குப் பிழையை மனிதர் எல்லாரும் செய்வர். அப்பிழை தன்னைத்தானே மூன்று கிழமையாகக் காட்டிக்கொண்டு நின்றது, கண்டவரும் இருந்தார், அளந்தவரும் இருந்தார், எழுதியவரும் இருந்தார். வேலைத்தலத்தில் 'நிறுத்து' என்று சொல்லத் துணிந்தவர் மட்டும் இல்லை. அறிவு ஆற்றங்கரையிலும் அதிகாரம் நூற்றுக்கணக்கான மைல்களுக்கப்பால் ஒரு மேசையிலும் இருந்தன. இரண்டையும் இணைக்கும் வழக்கம் அங்கே இல்லை. 75 உயிர்களும் போனது அந்த இடைவெளியிலே என்று நான் கருதுகிறேன்.

பாராமற் போன சுவர்

குவிபெக் பழங்கதை, இன்று விஞ்ஞானம் வளர்ந்துவிட்டது என்பாருக்கு ஒரு பாடசாலையின் கதையைச் சொல்வேன். ஸ்கொட்லாந்தின் தலைநகரான எடின்பரோவிலே ஒக்ஸ்காங்ஸ் ஆரம்ப பாடசாலை 2005இற் கட்டி முடிக்கப்பட்டது. 2016 சனவரி 29ஆந் தேதி அதிகாலை வீசிய புயற்காற்றிலே அதன் வெளிச்சுவரொன்று, ஏறத்தாழ ஒன்பது தொன் செங்கல், சரிந்து வீழ்ந்தது. பிள்ளைகள் வரும் நேரமாயிருக்கவில்லை. ஆதலால் எவருக்கும் காயமில்லை.

அச்சுவர் நடுவே வெளிவிட்டுக் கட்டப்பட்ட இரட்டைச் சுவர். அகச்சுவரையும் புறச்சுவரையும் உலோகப் பிணைப்புத் துண்டுகள் கோத்து நிற்கவேண்டும். ஒவ்வொரு துண்டும் சாந்துக்குள் 50 மில்லிமீற்றராவது புதைந்திருத்தல் முறை. இங்கே பல துண்டுகள் போதிய அளவு புதைக்கப்படவில்லை. தொடர்ந்து நடந்த ஆராய்வில் அதே திட்டத்திற் கட்டிய பிற பாடசாலைகளிலும் குறைகள் வெளிப்பட்டன. அவ்வாண்டு ஏப்பிரில் மாதத்தில் 17 பாடசாலைகள் மூடப்பட்டு, ஏழாயிரத்துக்கு மேற்பட்ட மாணவர் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

இதை ஆராய்ந்த பேராசிரியர் ஜோன் கோலின் அறிக்கை 2017 பெப்ரவரியில் வெளிவந்தது. சுவர் கட்டியவர்களின் வேலை பிழை. அதை மேற்பார்த்தவர்களின் வேலை பிழை. கட்டிய நிறுவனத்தின் தர உறுதி முறை தன் கடமையைச் செய்யவில்லை. கட்டுவித்தவர் தரப்பிலும் சுதந்திரமான கண் ஒன்று வேலைத்தலத்தில் இருக்கவில்லை. இவையே அதன் சாரம். அரசும் தனியாரும் கூடிய முதலீட்டு முறையிலே அப்பாடசாலைகள் எழுந்தன. முதலீட்டு முறையே சுவரை வீழ்த்தியது என்று அறிக்கை கூறவில்லை. வேறு முறைகளிற் கட்டிய பாடசாலைகளிலும் அத்தகைய குறைகள் இருந்ததை அது எடுத்துக்காட்டிற்று.

ஆகவே இது ஒருவரின் களவன்று. பிணைப்புத் துண்டுகளிற் கொள்ளை இலாபம் வைக்க முடியாது, அவை மலிவானவை. அவற்றை ஒழுங்காகப் புதைப்பதற்கு வேண்டியவை சிறிது நேரமும் சிறிது கவனமும். நாளொன்றுக்கு அடுக்கிய கல்லின் எண்ணிக்கைக்குக் கூலி கிடைக்குமிடத்து, எண்ணில் அடங்காத அந்தக் கவனத்துக்குக் கூலி ஏது? ஒவ்வொருவரும் தமக்கு அடுத்தவர் பார்ப்பார் என்றிருந்தனர். மேசன் மேற்பார்வையாளரை நம்பினார். மேற்பார்வையாளர் படிவத்தை நம்பினார். நகரசபை நிறுவனத்தின் சான்றிதழை நம்பியது. குவிபெக்கிலே கண்டவரின் சொல் ஏறவில்லை. எடின்பரோவிலே காண்பதே எவருடைய வேலையாகவும் இருக்கவில்லை. புறச்சுவர் எழுந்தபின் துண்டுகள் மறைந்தன. பத்தாண்டுக்கு மேலாக ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அத்தகைய சுவர்களின் நிழலில் விளையாடினர்.

திருந்திய கதை

நிறுவனப் பண்பாடு தலைவிதியன்று, அதனை மாற்றலாம் என்பதற்கு மூன்றாவது நிகழ்ச்சி சான்று. 1994 ஒக்ரோபரில் இலண்டன் ஹீத்றோ விமான நிலையத்தின் அடியிற் புகையிரதப் பாதைக்காகத் தோண்டிய சுரங்கங்கள் இடிந்தன. உயிர்ச்சேதம் இல்லை, அது தற்செயலே. பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டவை நமக்குப் புதியன அல்ல. சுரங்கத்தின் அடித்தளக் கொங்கிறீற்று மோசமாகப் போடப்பட்டிருந்தது. வேலையைச் செய்த ஒப்பந்தகாரரே அதன் தரத்துக்குச் சான்று கூறும் ஒழுங்கு இருந்தது. நிலம் அசைவதைக் காட்டும் அளவீடுகள் எடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தன. அவற்றின் பொருளை உரிய நேரத்திற் கண்டு வேலையை நிறுத்தினார் இல்லை. 1999இல் நீதிமன்றம் ஒப்பந்தகாரருக்கு 12 இலட்சம் பவுணும் ஆலோசக நிறுவனத்துக்கு 5 இலட்சம் பவுணும் தண்டம் விதித்தது.

கவனிக்கத்தக்கது, இடிந்தபின் விமான நிலையத்துக்குரிய நிறுவனம் நடந்துகொண்ட முறை. வழக்கமாக இந்நிலையில் ஒவ்வொரு தரப்பும் நியாயவாதியை அழைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்ளும். குறையைச் சொல்வது குற்றத்தை ஒப்புவதாகிவிடும் என்ற பயமே அதற்குக் காரணம். அந்த நிறுவனமோ எல்லாத் தரப்பையும் ஒரே குழுவாக இருத்தி, 'யாருடைய பிழை' என்பதைத் தள்ளிவைத்து, 'எப்படி மீட்பது' என்பதை முன்வைத்தது. புகையிரதப் பாதை 1998 யூனில் திறக்கப்பட்டது. அந்த அனுபவத்தைக் கொண்டே அதே விமான நிலையத்தின் ஐந்தாம் முனையத்துக்கான ஒப்பந்தமும் வகுக்கப்பட்டது. நட்டத்தின் ஆபத்தை ஒப்பந்தகாரர் தலையிற் சுமத்தாமல் கட்டுவிப்பவரே ஏற்றுக்கொண்டார். குறை கண்டவர் அதை மறைப்பதாற் பெறும் ஆதாயம் இதனால் நீங்கிற்று. 2008 மார்ச்சில் முனையம் திறந்தபோது பயணிகளின் பொதிகள் குழம்பிப் பெருஞ் சிரிப்புக்கிடமானது உண்மையே. அது முனையத்தை இயக்கத் தொடங்கிய ஒழுங்கின் குழப்பம். கட்டட வேலையோ உரிய காலத்தில் முடிந்திருந்தது.

இதிலிருந்து நான் பெறும் பாடம் ஒன்று. 'உண்மை பேசுங்கள்' என்று அறிவுரை சொல்வதாற் பண்பாடு மாறுவதில்லை. உண்மை பேசியவருக்கு நட்டம் வராதபடி ஒழுங்கை மாற்றினால் அது மாறுகிறது. 1950இல் யப்பானியருக்குத் தரக்கட்டுப்பாடு கற்பித்த எட்வேட்ஸ் டெமிங், பிற்காலத்தில் முகாமையாளருக்கு வகுத்த பதினான்கு நெறிகளுள் அச்சத்தை விரட்டுவதையும் ஒன்றாக வைத்தார். அவர் புள்ளிவிபரவியலாளர். இலக்கங்களோடு வாழ்ந்த மனிதர் அச்சத்தைப் பற்றி ஏன் பேசினார்? அச்சமுள்ள இடத்தில் இலக்கங்கள் பொய் சொல்லும் என்பதை அவர் அறிந்திருந்தார்.

இரு மறுப்புக்கள்

இக்கருத்துக்கு இரு மறுப்புக்கள் எழலாம். பணமும் இலஞ்சமுமே உண்மைக் காரணங்கள், பண்பாடு என்பது அவற்றை மூடும் அழகிய சொல் என்பது ஒன்று. இலஞ்சம் கட்டடங்களைக் கொல்வதை நான் மறுக்கவில்லை. குவிபெக் பாலக் கொம்பனியும் நெடுங்காலம் பணமுட்டுப்பாட்டில் இருந்தது. அது பல பரிசோதனைகளைத் தடுத்தது. ஆயினும் ஓகத்து 27க்கும் 29க்கும் இடையில் வேலையை இரண்டு நாள் நிறுத்த எவ்வளவு பணம் வேண்டும்? மேலும், இலஞ்சமுந் தனியே வாழ்வதில்லை. குறைந்த கம்பியைக் கட்டும்போது பத்துப்பேராவது காண்கிறார்கள். பத்துப்பேரும் மௌனமாயிருக்கும் வழக்கம் அங்கே முன்னரே வேரூன்றியிருந்தாலன்றி இலஞ்சம் பயன் தராது. மௌனம் நேர்மையான பிழைக்கும் களவுக்கும் ஒரே போர்வையாகிறது.

கீழுள்ள ஒவ்வொருவரும் 'நிறுத்து' என்று சொல்லத் தொடங்கினால் எந்தக் கட்டடம் முடியும் என்பது மற்றைய மறுப்பு. நிறுத்தச் சொல்லும் உரிமையும் முடிவு செய்யும் உரிமையும் வேறு. யப்பானின் ரொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலைகளிலே குறை கண்ட தொழிலாளி கயிறொன்றை இழுத்து அறிவிக்கும் வழக்கம் உண்டு. கயிற்றை இழுத்ததும் மேலாள் வந்து பார்க்கிறார், உடனே தீர்க்க இயலாததாயின் வேலை நிற்கும், இயலுமாயின் தொடரும். தொழிற்சாலை குழம்பிப் போகவில்லை. அதன் தரம் உலகறிந்தது. கட்டுப்பாடு வேறு, மௌனம் வேறு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மேலதிகாரி கட்டுப்பாடு இருப்பதாக நம்பிக்கொண்டு குருடராக வாழ்கிறார்.

நமக்கும் இதற்கும் என்ன?

இலங்கையிலே 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க நிருமாணக் கைத்தொழில் அபிவிருத்திச் சட்டம் இத்தொழிலை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை நிறுவியது. ஒப்பந்தகாரரைப் பதிவதற்கும் கைவினைஞரைப் பதிவதற்கும் அது வழிசெய்கிறது. நல்லதே. சட்டம் மேற்படையையும் நடுப்படையையும் செப்பனிடும். அடிப்படைக்கோ அது எட்டாது. அங்கே நிற்பது நமது பழக்கம். மூத்தவர் பேசும்போது இளையவர் குறுக்கிடலாகாது, முதலாளி முன்னிலையில் மேசன் கருத்துக் கூறலாகாது, படித்தவர் வரைந்த படத்திற் படியாதவர் பிழை காணலாகாது என்று பழகிய சமுதாயத்திலிருந்தே நமது கட்டட நிறுவனங்களும் ஆட்களைப் பெறுகின்றன. மரியாதை நல்லதோர் அணிகலன். ஆனால் தூணில் வெடிப்பைக் கண்டவர் மரியாதை கருதி வாளாவிருப்பாராயின், அம்மரியாதையின் விலையை அக்கட்டடத்திற் குடியிருக்கப் போகிறவர் கொடுக்க நேரும்.

ஆதலால் நிறுவனத் தலைவர்களிடம் சில சிறு வழக்கங்களை வேண்டுகிறேன். மூடப்படும் வேலையை மூடுமுன், வேகத்தினால் இலாபம் பெறாத ஒருவர் பார்க்கட்டும். கூலியை எண்ணிக்கைக்கு மட்டும் கொடாமல் ஒழுங்குக்கும் கொடுக்கட்டும். வேலையை நிறுத்தும் அதிகாரம் வேலைத்தலத்தில் நிற்கும் ஒருவர் கையில் இருக்கட்டும். அவர் நிறுத்தியது பின்னர் வேண்டாததாகக் காணப்பட்டாலும் அவர்மேற் பழி வாராதிருக்கட்டும். தலைவர் வேலைத்தலத்துக்குச் செல்லும்போது 'எல்லாம் சரியா?' என்று கேளாமல், 'எது சரியில்லை?' என்று கேட்கட்டும். முன்னைய கேள்விக்கு விடை எப்போதும் 'ஆம் ஐயா' என்பதே. பின்னைய கேள்விக்கே சிந்தித்து விடை சொல்லவேண்டும். ஒரு நிறுவனம் எந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகியிருக்கிறது என்பதிலேயே அதன் தரம் பாதி விளங்கிவிடும்.

குவிபெக் பாலம் மீண்டுங் கட்டப்பட்டது. 1916இல் அதன் நடுப்பகுதியைத் தூக்கும்போது அது நழுவி ஆற்றில் வீழ்ந்து மேலும் 13 பேர் மாண்டனர்; 1917இல் பாலம் நிறைவெய்தி இன்றும் நிற்கிறது. கனடாவிலே பொறியியற் பட்டம் பெறுவோர் 1925 முதலாக ஓர் உறுதிமொழிச் சடங்கில் இரும்பு மோதிரம் அணிந்துவருகின்றனர். வீழ்ந்த பாலத்தின் இரும்பினால் அம்மோதிரங்கள் செய்யப்பட்டன என்று ஒரு கதை வழங்குகிறது, அது மெய்யன்று. எனினும் அக்கதை அழியாது வழங்குவதன் கருத்தை நான் மதிக்கிறேன். படம் வரையும் கையின் சிறுவிரலில், தாளோடு உராயும்படி அம்மோதிரம் அணியப்படுகிறது. பிழை செய்யக்கூடியவன் நான் என்பதை நினைவூட்டும் பொருள் அது.

அந்நினைவு தொழிலில் நுழைந்தபின் ஊட்டப்படுவதைவிட வகுப்பறையில் ஊட்டப்படுவது எளிது. கரும்பலகையில் ஆசிரியர் இட்ட கணக்கிற் பிழை கண்ட மாணவன் கையுயர்த்துகிறான். அவனை 'இரு' என்று அதட்டும் ஆசிரியரும் உளர். 'வந்து காட்டு' என்று வெண்கட்டியைக் கொடுக்கும் ஆசிரியரும் உளர். இருவரிடமும் பயின்ற மாணவர் நாளை வேலைத்தலங்களில் நிற்கப் போகிறார்கள். கொங்கிறீற்று ஊற்றுமுன் கம்பி குறைந்திருப்பதைக் காண்பவர் அவர்களில் ஒருவராகவே இருப்பார். அன்று அவர் வாய் திறப்பதற்கு வேண்டிய துணிவை எந்த நியமமும் எந்தச் சான்றிதழும் புதிதாக உண்டாக்கித் தரப்போவதில்லை. வெண்கட்டியைக் கொடுத்த ஆசிரியரே அதற்கு அத்திவாரம் இட்டவராவார்.